சிரா வைனும் மிளகின் மணமும்

சிரா என்பது பிரான்சின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடபகுதியைத் தாயகமாகக் கொண்ட கருந்தோல் திராட்சை. அதிலிருந்து வடிக்கப்படும் அடர்சிவப்பு வைனுக்கும் அதுவே பெயர். துரேசா, மொந்தூஸ் பிளான்ஷ் என்னும் பெயர்பெறாத இரு திராட்சைகளின் கலப்பில் இது பிறந்தது என்பதை 1990களின் இறுதியில் நடந்த மரபணுச் சோதனை நிறுவியதால், பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்ற பழங்கதை அத்துடன் முடிந்தது. இந்த வைனின் நிறமும் துவர்ப்பும் திராட்சைச் சாற்றிலிருந்து வருவதைக் காட்டிலும் தோலிலிருந்தே மிகுதியாக வருகின்றன; சாறு தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிக்கும்போது டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் அதில் இறங்குகின்றன.

சிராவைத் தனித்துக் காட்டுவது அதன் மிளகு மணம். இது சுவைஞர்களின் கற்பனை அன்று. ரோட்டண்டோன் என்னும் வேதிப்பொருளே இதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர், கருமிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ஒரு லிட்டர் வைனில் 16 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் 16 பங்கு, இருந்தாலே மூக்கு அதை உணர்ந்துவிடும். ஆயினும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது சிறிதும் புலப்படுவதில்லை என்பதால், இம்மணத்தைப் பற்றிய பல வாதங்கள் வீண்வாதங்களே. குளிர்ந்த நிலத்தில் விளைந்த திராட்சையில் ரோட்டண்டோன் மிகுந்திருக்கும்.

திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெறாத நார்வேயில், சிரா உட்பட 4.7 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் கொண்ட பானங்களை வீட்டுக்கு வாங்கிச் செல்ல விரும்புவோர், ஓஸ்லோவிலும் பிற ஊர்களிலும், பெரும்பாலும் வின்மொனொபோலே என்னும் அரசுக் கடைக்கே செல்ல வேண்டும். மதுவிலக்குக் காலத்தில், நார்வேயின் மீனை வாங்கிவந்த பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகள் தம் வைனை அது வாங்கியே ஆகவேண்டும் என்று நெருக்கியதன் விளைவாக 1922இல் இந்நிறுவனம் தோன்றியது. மது விளம்பரம் 1975 முதல் தடைசெய்யப்பட்டுள்ள நாட்டில், வைனின் நிறைவு, புளிப்பின் புத்துணர்வு, துவர்ப்பு ஆகியவற்றின் அளவை வட்டக் குறிகளாலும், எந்த உணவுக்கு எது பொருந்தும் என்பதை ஆடு, மாடு, வேட்டை விலங்கு முதலிய படங்களாலும் இக்கடை காட்டுகிறது; விற்பனைப் புகழுரையைவிட இது வாங்குவோருக்குப் பயனுள்ளது.

டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் இடையே வந்தால் அந்த இழுப்பு தணியும். எனவே ஜூனிப்பர் காய் சேர்த்துச் சமைத்த எல்க் மான் வறுவலும், பழுப்புப் பாலாடைக்கட்டி கரைத்த குழம்போடு பரிமாறும் பனிமான் இறைச்சியும் அழுத்தமான சிராவுக்கு நன்கு ஒத்துவருகின்றன. ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் முழு மிளகும் அடுக்கி வேகவைக்கும் ஃபோரிகோல், 1972இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றின் வழியே தேசிய உணவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மிளகு மிளகோடு சேரும் பொருத்தம் அதில் தெளிவாகவே இருந்தாலும், வேகவைத்த மென்மையான உணவு என்பதால் ஷிராஸ் என்றும் அழைக்கப்படும் வெப்ப நாட்டுச் சிரா அதை விழுங்கிவிடும். வட ரோனின் மெலிந்த சிராவே தகும். மீனை விற்ற உறவால் நார்வேக்கு வந்த வைன், கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீன்களோடு மட்டும் சேர்வதில்லை. சிவப்பு வைனிலுள்ள இரும்பு மீனெண்ணெயோடு வினைபுரிந்து கவிச்சையைக் கிளப்புகிறது.

ஓஸ்லோத் தமிழர் வீடுகளின் சமையலுக்கும் இதே விதிகள் பொருந்தும். ஆல்கஹால், மிளகாயின் எரிவை உணரும் நரம்பு ஏற்பிகளையே தூண்டுவதால், மிளகாய்த்தூள் தூக்கலான கறியோடு 14 விழுக்காட்டுச் சிரா காரத்தை மேலும் மூட்டிவிடும். மிளகு தூக்கலான ஆட்டிறைச்சி வறுவலுக்கோ அது மிகப் பொருத்தமான வைன்களில் ஒன்று.