குழந்தை உண்ண மறுப்பது ஏன்?

தில்லியிலோ மும்பையிலோ குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு ஆண்டு நிறைவு கொண்டாடிய சில மாதங்களில் ஒரு முறையீடு எழுவதுண்டு: "பிள்ளை ஒன்றுமே சாப்பிடுவதில்லை." முன்பு ஆவலோடு உண்ட குழந்தை இப்பொழுது வாயை இறுக மூடிக்கொள்கிறது, ஊட்டியதைத் துப்புகிறது. தாய் கலங்குகிறாள். ஊரிலிருக்கும் பாட்டியார் தொலைபேசியில், "பருப்புத் தண்ணீர் கொடு" என்கிறார். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார், "தால் கா பானி கொடு" என்கிறார். இருவர் சொல்வதும் ஒன்றே. வடக்கும் தெற்கும் இவ்வாறு கூடித் தவறு செய்யும் இடங்களும் உள.

வேகவைத்த பருப்பின் மேல் தெளிந்து நிற்கும் நீரை இறுத்துக் கொடுத்தால், சத்தின் பெரும்பகுதி அடியிலேயே தங்கிவிடுகிறது. குழந்தையின் இரைப்பையோ மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் உணவே ஒரு வேளைக்குக் கொள்ளும். அதாவது 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 240 கிராமில் வயிறு நிறைந்துவிடும். அச்சிறிய இடத்தை நீரால் நிரப்பிய பிறகு, சோறு வேண்டாமென்று குழந்தை சொல்வதில் வியப்பில்லை.

இனி, உணவைத் தொடங்கும் முறையைச் சற்று நோக்குவோம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுதல் ஆகாது. ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தில்லியின் கடுங்கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. நம்மூரில் சர்க்கரைத் தண்ணீரால் சேனை வைப்பதும், வடநாட்டில் 'ஜன்ம குட்டி' என்று தேனோ மருந்துக் கலவையோ நாவில் தடவுவதும் தவிர்க்கத்தக்கவை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துக்கள் ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சினை உண்டாக்கக்கூடும்.

ஆறு மாதத்திற்குப் பின் தருவதை 'இணை உணவு' என்பர். சொல் பொருத்தமானதே. அது தாய்ப்பாலுக்கு மாற்று அன்று. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலுடன் இணைந்து செல்வது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் அது இருத்தல் வேண்டும். குழைய மசித்த சோறும் பருப்பும், அதன்மேல் ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் என்பது எந்த ஊரிலும் கிட்டும் நல்லுணவு. கேழ்வரகு கிடைக்கவில்லையே என்று ஏங்குவோர் பெயரை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் அது நாச்சணி, உத்தராகண்டில் மண்டுவா, ஒடிசாவில் மாண்டியா. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவாயின் இன்னும் நன்று. முளைக்கும் தானியத்தில் உண்டாகும் நொதி மாப்பொருளை உடைத்துவிடுவதால், மாவைக் கூடுதலாகச் சேர்த்தாலும் கூழ் இறுகுவதில்லை. வடநாட்டுக் கோதுமை ரவையாகிய தலியாவைப் பாசிப்பருப்புடன் வேகவைத்தாலும் நம் பொங்கலுக்குக் குறைந்ததன்று.

முதலில் கூறிய முறையீட்டிற்கு வருவோம். 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை ஓராண்டில் ஏறத்தாழ 9 கிலோவை எட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ 2 முதல் 2.5 கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்பொழுது பசியும் தணிகிறது. இது நோயன்று. ஒரு வேளை நிறைய உண்பதும், மறுவேளை தொடாதிருப்பதும் இப்பருவத்தின் இயல்பு.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் பெண் மருத்துவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். பால்குடி மறந்த 15 குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை 1939ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். 34 வகை உணவுகளிலிருந்து சிலவற்றைத் தட்டில் வைப்பர். செவிலி வற்புறுத்தலாகாது, குழந்தை சுட்டிக் காட்டினால் மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். ஆரஞ்சுச் சாறும் ஈரலும் ஒரு குழந்தைக்குக் காலை உணவாயிற்று! ஆயினும் குழந்தைகள் நன்கு வளர்ந்தன. இதில் மறைந்திருந்த சூட்சுமத்தை அவரே சொன்னார்: பட்டியலில் இருந்தவை யாவும் நல்லுணவுகள், சர்க்கரைப் பண்டம் எதுவும் அதில் இல்லை. என்ன தருவது என்பது தாயின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை என்றே நான் பொருள் கொள்கிறேன்.

தாய் சோர்ந்துபோகும் இடமும் இதுவே. உண்ணவில்லையே என்று சோற்றுக்குப் பதிலாகப் பாலைக் கொடுப்பார்கள். சாயாவில் ரஸ்க்கைத் தோய்த்தும் கொடுப்பார்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சாயாவோ உணவிலுள்ள இரும்பையும் உடலில் சேரவிடுவதில்லை. பிறவியில் பெற்ற இரும்புச் சேமிப்பு ஆறு மாதமளவில் தீர்ந்துபோகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 59 மாதம் வரையுள்ள நம் நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஓராண்டு கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டுவதில்லை. சாயா அறவே வேண்டா. கீரையும், அதனுடன் சிறிது எலுமிச்சைச் சாறும், பருப்பும், புலால் உண்போர் வீட்டில் முட்டை, மீன், ஈரலும் தரலாம்.

புதிய உணவை முதல்நாள் துப்பினால், பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டா. எட்டுப் பத்து முறை சுவைத்த பிறகே பல குழந்தைகள் ஏற்கின்றன. மூக்கைப் பிடித்து ஊட்டுவதால் புரையேறும் ஆபத்து உண்டு. கைப்பேசியில் படம் காட்டி ஊட்டினால், வயிறு நிறைந்ததைக் குழந்தை உணராமலே போகிறது. அரை மணி நேரத்திற்குள் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை தின்பண்டம் தராமல் இருத்தல் நலம்.

உண்மையில் குறைவாக உண்கிறதா என்பதைத் தாயின் கவலையைக் கொண்டு அளக்க இயலாது. எடைக் கருவியே சொல்லும். நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அருகிலுள்ள அங்கன்வாடியில் எடை பார்த்து, தாய் சேய் அட்டையில் குறித்துக்கொள்ளலாம். அட்டை இந்தியிலோ மராத்தியிலோ இருக்கலாம். வளர்ச்சிக் கோட்டைப் படிக்க மொழி தெரிய வேண்டுவதில்லை. கோடு மேல்நோக்கிச் செல்லுமாயின் அஞ்ச வேண்டா. அது தட்டையாகவோ கீழ்நோக்கியோ சென்றாலும், குழந்தை சோர்ந்து வெளுத்துக் காணப்பட்டாலும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தாலும், அட்டையுடன் மருத்துவரைக் காண்க.