அசல் போனால் வராது

ஒலிப்பதிவுகளை வடிவம் மாற்றித் தரும் நல்ல சாஃப்ட்வேர்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. அவசரத்தில் பலர் இழப்பது அசலை.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைபேசி. அதில் பாட்டி பாடிய தாலாட்டு, இறந்துபோன அப்பா பேசிய இரண்டு நிமிடப் பேச்சு. கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒலிக்கவிட்டால் சத்தமே இல்லை. ஃபைல் பெயரின் வாலில் ஏ.எம்.ஆர். என்று மூன்றெழுத்து. லூதியானாவோ கொச்சியோ, பல வீடுகளில் இந்த அனுபவம் உண்டு.

அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இன்டர்நெட்டில் தேடி, முதலில் கண்ணில் படும் 'இலவச கன்வெர்ட்டரை' இறக்கிக்கொள்கிறார்கள். அது முதல் சில நிமிடங்களை மட்டும் மாற்றிவிட்டு மீதிக்குப் பணம் கேட்கிறது. அல்லது அழையா விருந்தாளிகளாக இரண்டு விளம்பர சாஃப்ட்வேர்களையும் கூட்டி வருகிறது. இணையதளத்திலேயே மாற்றித் தருபவர்களிடம் போனாலோ, வீட்டுக் குரல் முன்பின் தெரியாத ஒருவரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது.

விசித்திரம் என்னவென்றால், இந்தத் துறையில் மிகவும் நம்பகமான சிலவற்றுக்கு விலையே கிடையாது. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக், வேறு பல சாஃப்ட்வேர்களுக்குள் மறைந்திருந்து உழைக்கிறது. அதற்கான கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்கு ஆடாசிட்டி, வி.எல்.சி. போன்றவை இருக்கின்றன. ஆடாசிட்டியில் ஏ.எம்.ஆர். ஃபைலைத் திறக்க எஃப்.எஃப்.எம்பெக்கையும் துணைக்குச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இலவசம் எப்போதும் இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. எம்.பி.3 காப்புரிமையில் பங்கு வைத்திருந்த ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம், 1998-ல் இலவச சாஃப்ட்வேர் எழுதியவர்களிடமே உரிமத்தொகை கேட்டது. அந்த உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது 2017 ஏப்ரலில். இந்தியாவில் வேறொரு முட்டுக்கட்டை. வி.எல்.சி.யின் அதிகாரபூர்வ இணையதளம் 2022-ன் தொடக்கத்தில் இங்கு முடக்கப்பட்டது. தடை நீங்கியது நவம்பரில்தான். அசல் கடை மூடிக்கிடந்தால் கூட்டம் நடைபாதைக் கடைக்குத்தானே போகும்? தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்வது இன்றும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கணக்கு. சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் பிடிக்கும். 128 கிலோபிட் எம்.பி.3 அதை ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. காதுக்கு எட்டாது என்று அது கணக்கிடும் ஒலிகளைக் கழித்துக்கட்டித்தான் இதைச் சாதிக்கிறது. கழித்தது திரும்பாது. அந்த எம்.பி.3-ஐ வேறொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் மேலும் கொஞ்சம் கழியும். பழைய கைபேசிகளின் சாதாரண ஏ.எம்.ஆர். பதிவில் விநாடிக்கு 8,000 அளவுகள்தான். அதை வேவ் வடிவத்துக்கு மாற்றினால் ஃபைல் பருக்குமே தவிர குரல் தெளியாது. ஆனால் மேற்கொண்டு தேயாது. 2001-ல் வெளிவந்த ஃப்ளாக் வடிவமும் அப்படியே. சுருக்கும், ஆனால் எதையும் இழக்காது.

அசலின் அருமை கோர்ட்டில் இன்னும் நன்றாகப் புரியும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணு சாட்சியத்துடன் தரும் சான்றிதழில் 'ஹாஷ்' எண்ணைக் கேட்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அது கைரேகை மாதிரி. வடிவத்தை மாற்றினால் ரேகையும் மாறிவிடும். மிரட்டல் பேச்சை எம்.பி.3 ஆக்கிக்கொண்டு அசலை அழித்தவர் வக்கீலிடம் விழிக்க வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கச் செலவு எதுவுமில்லை. அசலை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டு நகலை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைத் தொடக்கம் முதல் கடைசிவரை ஒருமுறை காதால் கேட்க வேண்டும். பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.