பதினாறு வயதில் மாரடைப்பா?

மாரடைப்பு என்றதும் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களே நம் நினைவுக்கு வருவர். பள்ளிப் பையன் ஒருவன் நெஞ்சு நோகிறது என்றால், வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுப்போமேயன்றி இருதயத்தை ஐயுறோம். ஆயின் 2011ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் வெளியான அறிக்கை நம்மைத் திடுக்கிட வைக்கின்றது.

டெக்ஸாஸ் மாநிலத்தில் 16 வயதுப் பையன்கள் மூவர், வெவ்வேறு வேளைகளில், நெஞ்சு நோவுடன் வைத்தியசாலைக்கு வந்தனர். மூவருக்கும் மாரடைப்பே என்பதை இருதய மின்வரைபடமும் இரத்தப் பரிசோதனையும் காட்டின. முதல் இருவரின் இருதய நாடிகளைப் படம் பிடித்துப் பார்த்தபோது அவற்றில் யாதொரு குறையும் இல்லை! மூவரும் அதற்குச் சில நாட்களுக்குள் 'கே-2' என்னும் பொருளைப் புகைத்திருந்தனர்.

'ஸ்பைஸ்' என்றும் பெயர் பெற்ற இவ்வகைப் பொருள்கள், பளபளக்கும் பைக்கற்றுகளில் வாசனைத் தூபம் என்று விற்கப்பட்டன. "மனிதர் உட்கொள்வதற்கன்று" என்ற வாசகமும் அவற்றில் இருந்தது. விற்றவனுக்கு அது சட்டத்திலிருந்து தப்பும் வழி. வாங்கிய பையன்களுக்கோ அதன் உட்பொருள் நன்றாகத் தெரியும்.

இதனைச் 'செயற்கைக் கஞ்சா' என்று அழைப்பதே ஆபத்தானது என்பது நம் கருத்து. கஞ்சாவைப் போன்றதுதானே என்ற அசட்டைக்கு அப்பெயர் இடமளிக்கின்றது. உண்மையில் இது உலர்ந்த இலைதழைகளின் மீது ஆய்வுகூட இரசாயனத்தைத் தெளித்துச் செய்யப்படுவது. 2008இல் ஜேர்மனியில் இத்தகைய பைக்கற்றுகளிற் கண்டறியப்பட்ட 'ஜே.டபிள்யூ.எச். 018' என்பது, கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹஃப்மன் ஆராய்ச்சிக்கென ஆக்கிய பொருள்களுள் ஒன்று. புகைப்பதற்கென்று அவர் அதை ஆக்கவில்லை.

கஞ்சாவின் சத்து நம் உடலணுக்களிலுள்ள ஏற்பிகளை ஓரளவே தூண்டும்; இவ்விரசாயனங்களோ முழு வேகத்தில் தூண்டுகின்றன. நாடித்துடிப்பு விரைகின்றது, இரத்த அமுக்கம் ஏறுகின்றது, இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடி, அடைப்பு இல்லாமலே சுருங்கி இறுகவும் கூடும். தெளிப்பும் ஒரு சீராக இராது. ஒரே பைக்கற்றில் ஒரு சிட்டிகை வலுக் குறைந்தும் அடுத்தது பன்மடங்கு வலுவுடனும் இருக்கலாம். 2011 மார்ச்சில் அமெரிக்க அரசு இவ்வினத்தில் ஐந்து இரசாயனங்களைத் தடைசெய்தது. வியாபாரிகள் அமைப்பைச் சிறிது மாற்றிப் புதியவற்றைக் கொண்டுவந்தனர்.

பெற்றார் அறியவேண்டியது ஒன்றுண்டு. கஞ்சாவைக் கண்டறியும் வழமையான சிறுநீர்ப் பரிசோதனையில் இவை புலப்படா. இவற்றுக்கெனத் தனி மாற்றுமருந்தும் இல்லை. ஆதலால் ஏசுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, பையனை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மிஞ்சிய பைக்கற்று இருந்தால் அதையும் எடுத்துச் சென்று, அவன் புகைத்தது இன்னதென்று வைத்தியரிடம் ஒளியாது கூறுங்கள்.