வழியில் வண்டி நின்றால்? கேரவனுக்கு உதவித் திட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி

பொங்கலும் கோடை விடுமுறையும் வந்துவிட்டால் எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் நம்மவர்களின் வண்டிகள் ஓசூர் சாலையில் தெற்கு நோக்கி வரிசை கட்டும். அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம் என்று போகும் இந்தச் சாலையை வெகுகாலம் என்.எச். 7 என்றே அழைத்தோம். 2010-இல் எண்களை மாற்றியபின் அது என்.எச். 44 ஆகிவிட்டது.

அந்த வரிசையில் அண்மைக் காலமாகப் புதிய வகை வண்டி ஒன்றும் தென்படுகிறது. படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்க வைத்திருப்பார்களே, அந்தக் கேரவன்தான். டெம்போ டிராவலர் போன்ற வேனுக்குள் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, சிறு கழிவறை எல்லாம் பொருத்தி நடமாடும் வீடாக்கிவிடுகிறார்கள். கேரளத்தில் 2021-இல் அரசே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கி வைத்தது. நம் அன்பர்களிலும் சிலர் சொந்தமாக வாங்கியிருக்கிறார்கள். பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். வயதான பெற்றோரைப் படுக்க வைத்தபடியே ஊருக்கு அழைத்துச் செல்ல இது நல்ல வசதிதான்.

ஆனால் வழியில் நின்றுவிட்டால்? காருக்கு வாங்குவதுபோல் ஓர் உதவித் திட்டத்தை இதற்கும் வாங்கி வைத்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

உதவி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் 1902-லும், ஜெர்மனியில் 1903-லும், இங்கிலாந்தில் 1905-லும் வண்டிக்காரர்கள் தாங்களே சங்கம் அமைத்துக்கொண்டனர். அவை வளர்ந்து, வழியில் நின்றவர்களுக்கு உதவ ஆட்களையும் வண்டிகளையும் அமர்த்தின. நம் நாட்டில் பெரும்பாலான திட்டங்கள் வேறு மாதிரி இயங்குகின்றன. நீங்கள் தொலைபேசியில் அழைப்பது எங்கோ ஓர் ஊரிலுள்ள அழைப்பு மையம். அவர்கள் உங்களுக்கு அருகிலுள்ள ஓர் இழுவை வண்டிக்காரரைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். ஆகவே அட்டையில் அச்சிட்ட பெயர் எவ்வளவு பெரியதானாலும், அந்த இரவில் அந்த ஊரில் எந்த வண்டி கிடைக்கிறதோ அதுவே உங்கள் திட்டம்.

திட்டங்கள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன. வண்டி தயாரித்த கம்பெனி தருவது ஒன்று. காப்பீட்டு பாலிசியுடன் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்வது இரண்டாவது. தனி நிறுவனங்கள் ஆண்டுச் சந்தாவுக்குத் தருவது மூன்றாவது.

பாலிசி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. சாதாரண கார் பாலிசியின் நிலையான வாசகத்தில், விபத்துக்குள்ளான வண்டியை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்ல விபத்து ஒன்றுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் இல்லை. அதுவும் விபத்துக்கு மட்டும். இயந்திரக் கோளாறும் மின்சாரக் கோளாறும் அந்த பாலிசியில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளன. கிளட்ச் போனால் அது விபத்து அன்று.

ஓர் இரவு நடந்தது

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஊரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் கேரவனின் கிளட்ச் தேய்ந்து நின்றுவிட்டது. இரவு மணி பத்து. வண்டியில் ஆறு பேர். அதில் ஒருவர் எழுபத்தெட்டு வயது அம்மா. திட்டத்தின் எண்ணுக்குப் பேசினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இழுவை வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் கேரவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சார், இது கார் தூக்கற வண்டி. இதைத் தூக்கினா என் வண்டி முன்பக்கம் எழும்பிடும்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. சரியான வண்டி வந்து சேரும்போது பொழுது விடிந்துவிட்டது.

வாங்கும்போது அந்தத் திட்டக்காரர்கள் பதிவு எண்ணைக் கேட்டார்கள், பணம் கேட்டார்கள். எடையை யாரும் கேட்கவில்லை.

ரயில்வேயில் தடம் புரண்ட பெட்டியைத் தூக்கப் போகும்போது முதல் கேள்வியே, தூக்க வேண்டிய எடை எவ்வளவு, கிரேனின் திறன் எவ்வளவு என்பதுதான். 140 டன் கிரேனே கையில் இருந்தாலும் கணக்குப் பார்க்காமல் கொக்கி மாட்டுவதில்லை. சாலையிலும் அதே கணக்குத்தான்.

எடையும் உயரமும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கேரவனின் எடையை வீட்டிலிருந்தபடியே ஓரளவு கணக்கிடலாம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. 150 ஆம்பியர் பேட்டரி இரண்டு வைத்தால் 100 கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சமையல் எரிவாயு கொண்ட சிலிண்டர், இரும்பையும் சேர்த்து சுமார் 30 கிலோ. ஆறு பேர் 360 கிலோ. மூட்டை முடிச்சு 100 கிலோ. இவை மட்டுமே கிட்டத்தட்ட 700 கிலோ. கட்டில், அலமாரி, ஏ.சி. எல்லாம் தனி. சாதாரண கார் ஒன்று முதல் ஒன்றரை டன் இருக்க, கேரவன் சுமையோடு 3 டன்னை எளிதில் தாண்டிவிடும். பயணத்துக்குத் தயாரான நிலையில் ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, ரசீதை ஆர்.சி.யுடன் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளை எடைபோடும் மேடைகள் உண்டு.

உயரமும் முக்கியம். மேடை போன்ற தளமுள்ள மீட்பு வண்டியில் ஏற்றினால் கேரவனின் உயரத்தோடு சுமார் ஒரு மீட்டர் கூடும். ரயில் பாதைக்கு அடியில் செல்லும் உயரம் குறைந்த சுரங்கப் பாதைகளில் அது நுழையாது. ஓட்டுநருக்கு மொத்த உயரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எந்தச் சக்கரத்துக்கு இயந்திர விசை போகிறது என்பதையும் அறிந்திருங்கள். டிராவலர் பின்சக்கர ஓட்டம். டாடா விங்கர் முன்சக்கர ஓட்டம். பின்சக்கர ஓட்டமுள்ள வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நெடுந்தூரம் இழுத்தால், என்ஜின் ஓடாத நிலையில் கியர்பாக்ஸின் உட்பாகம் சுழன்று, எண்ணெய் சரியாக எட்டாமல் பழுதாகலாம். தளத்தில் ஏற்ற வேண்டும்; இல்லையேல் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கிளட்சுக்கு ஆகும் செலவோடு கியர்பாக்ஸ் செலவும் சேராமல் இருக்க இதைத் தெரிந்திருப்பது நல்லது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது: இத்தனை கிலோ எடை, இத்தனை உயரம் உள்ள இந்த வண்டிக்கு ஏற்ற மீட்பு வண்டியை அனுப்புவீர்களா? பதிலைக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள். வாய்ப்பேச்சு தொப்பூரில் செல்லாது.

இரண்டாவது: ஆர்.சி.யில் உள்ள வண்டி வகைக்குத் திட்டம் பொருந்துமா? சொந்த உபயோகக் கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வண்டிகளின் பட்டியலில் 2004 அறிவிக்கையிலேயே இடம்பெற்றுள்ளது. வாடகைக்கு ஓடும் மஞ்சள் பலகை வண்டிக்குக் கார் திட்டம் பெரும்பாலும் பொருந்தாது. வேனைப் பின்னர் கேரவனாக மாற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.டி.ஓ. அனுமதியுடன் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறியது. இது சரியாக இல்லாவிட்டால் காப்பீடும் உதவித் திட்டமும் தகராறில் முடியும். தயாரிப்பாளர் தரும் திட்டம் மாற்றத்துக்குப் பின்னும் தொடருமா என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது: எத்தனை கிலோமீட்டர் இலவசம்? அது வண்டி நின்ற இடத்திலிருந்து கணக்கா, மீட்பு வண்டி புறப்படும் இடத்திலிருந்தா, போக வர இரண்டுக்குமா? தொப்பூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி சுமார் 140 கி.மீ. 50 கி.மீ. இலவசம் என்றால் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போய்ச் சேரலாம். வீட்டுக்கு வர முடியாது. மீதி 90 கி.மீ.க்குக் கட்டணம் என்ன? பண்டிகை நாளில் ஒர்க்‌ஷாப் மூடியிருந்தால் வண்டியை எங்கே நிறுத்தி வைப்பார்கள்?

நான்காவது: வண்டியில் இருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு? இழுக்கப்படும் கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது. நால்வர் ஏறும் டாக்ஸி ஒன்று ஆறு பேர் குடும்பத்துக்குப் போதுமா?

ஐந்தாவது: ஆண்டுக்கு எத்தனை முறை? பணம் கட்டிய எத்தனை நாளுக்குப் பின் திட்டம் நடைமுறைக்கு வரும்? சிலவற்றில் முதல் சில நாட்களுக்கு உதவி கிடையாது. பயணத்துக்கு முந்தின நாள் வாங்குவதில் பயனில்லாமல் போகலாம். தமிழில் பேச ஆள் உண்டா என்பதையும் அழைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஐந்துக்கும் ஒழுங்கான பதில் தரும் திட்டம் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். வாடகைக் கேரவன் என்றால் இதே கேள்விகளை உரிமையாளரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

உதவி வரும் வரை

தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. சுங்கச் சாலைகளில் ரோந்து வண்டியும், கிரேனும், ஆம்புலன்ஸும் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அவர்கள் வண்டியைப் பழுது பார்க்க மாட்டார்கள். ஓடுபாதையிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவார்கள். இரவு நேரத்தில் அதுவே பெரிய உதவி. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானதால் சுங்கச்சாவடியில் யாரும் ரசீது வாங்குவதில்லை. அங்கே பலகையில் எழுதியுள்ள உதவி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தைச் சொல்லும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் எதிர்ப்புறம் வந்த வண்டி சுற்றிவர வெகுநேரம் ஆகும்.

நடுவழியில் ரயில் நின்று, பக்கத்துப் பாதைக்கு ஆபத்து இருக்குமானால், அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு வெடியும் 1,200 மீட்டரில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தில் வைத்து எதிரே வரும் வண்டியை எச்சரிப்பது எங்கள் விதி. பழுதைப் பார்ப்பதற்கு முன் பாதுகாப்பு என்பதே அதன் பொருள். சாலையிலும் அப்படியே. நான்கு விளக்குகளையும் மினுக்க விடுங்கள். புது வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி வையுங்கள். வளைவில் நின்றிருந்தால் வளைவு தொடங்கும் முன்னரே வையுங்கள். சிலிண்டரை மூடுங்கள். பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரையும் இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் சாலையை விட்டு விலகி உட்கார வையுங்கள். உள்ளே படுக்கை இருக்கிறதே, தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நிற்கும் வண்டியில் பின்னாலிருந்து லாரி மோதுவதே இரவில் பெரிய ஆபத்து.

மீட்பு வண்டி வந்ததும், திட்டக்காரர்கள் உங்களுக்கு அனுப்பிய செய்தியில் உள்ள வண்டி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தானாக வந்து நிற்கும் வண்டியில் ஏற்றிவிட்டால் அந்தக் கட்டணம் உங்கள் தலையில்தான்.

எடை ரசீது, ஆர்.சி. நகல், திட்டத்தின் எண், 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112 ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கை அருகே ஒட்டி வையுங்கள். செல்போனில் மின்சாரம் தீர்ந்தாலும் தாள் பேசும். ஊருக்குப் போகும் அன்பர்கள் அனைவருக்கும் இனிய பயணம் அமையட்டும்.