நோயைச் சொன்ன நாட்டுக்குச் சந்தையை மூடலாமா?

புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவர்களுக்கு சூரத் நகரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குஜராத் மாநிலத்தின் அந்த நகரம் செயற்கை இழைத் துணிக்கும் வைரம் பட்டை தீட்டுவதற்கும் பெயர் பெற்றது. 1994 செப்டெம்பரில் அங்கே பிளேக் நோய் பரவியதாகச் செய்தி வந்தது. சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். கடைகளும் பட்டறைகளும் மூடப்பட்டன.

அந்தப் பிளேக்கினால் இறந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். ஆனால் வளைகுடா நாடுகள் பல இந்தியாவுக்கான விமான சேவைகளை நிறுத்தின. இந்திய உணவுப் பொருட்களுக்கும் சில நாடுகள் தடை போட்டன. பயணத்தையோ வர்த்தகத்தையோ நிறுத்தத் தேவையில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னதைக் கேட்க ஆளில்லை. இந்தியாவுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒன்றரை பில்லியன் டொலருக்கும் மேல் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. நோய் வந்தது ஒரு நகரத்தில். நஷ்டப்பட்டது சூரத்தை எட்டியும் பார்த்திராத ஏற்றுமதியாளர்களும்தான்.

இதைப் பார்த்த ஏனைய அரசாங்கங்கள் என்ன பாடம் கற்றிருக்கும்? நோய் வந்தால் வாயைத் திறக்காதே என்பதைத்தான். அந்தப் பாடத்தின் விலையை உலகம் 2003இல் கொடுத்தது. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் 2002 நவம்பரில் தொடங்கிய சார்ஸ் நோய் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அதிகாரபூர்வமாகத் தகவல் கிடைத்தது 2003 பெப்ரவரியில். அதன் பிறகும் பீஜிங்கில் நோயாளர் எண்ணிக்கை குறைத்தே காட்டப்பட்டது. ஏப்ரலில் சுகாதார அமைச்சரும் பீஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். அதற்குள் நோய் ஹொங்கொங், சிங்கப்பூர், கனடா என்று போய்விட்டது. மொத்தம் 8,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றி, 774 பேர் இறந்தார்கள்.

மாணிக்க வியாபாரிகளுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். அந்த வருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் கண்காட்சி தொடங்கும் தறுவாயில், ஹொங்கொங், சீனா, சிங்கப்பூர், வியட்நாம் ஆகிய இடங்களிலிருந்து வந்த கண்காட்சியாளர்கள் கூடங்களைத் திறக்கக் கூடாது என்று சுவிஸ் அரசாங்கம் உத்தரவிட்டது. சரக்கும் ஆட்களும் வந்து சேர்ந்த பிறகு வந்த உத்தரவு அது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். விற்பவனின் கடமை அது. ஆனால் ஈரத்தை மேலே வைத்துக் காட்டியவனின் கடைக்கு ஊரே பூட்டுப் போட்டால், அடுத்த கடைக்காரன் என்ன செய்வான்?

சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் 2005இல் திருத்தப்பட்டபோது இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கப் பார்த்தார்கள். பழைய விதிகள் கொலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே பேசின. 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, நாடு கடந்து பரவக்கூடிய எந்த ஆபத்தையும், அது அத்தகையது என்று மதிப்பிட்ட 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். பத்திரிகைச் செய்தியை வைத்தும் உலக சுகாதார ஸ்தாபனம் விளக்கம் கேட்கலாம். மறுபக்கம், ஸ்தாபனத்தின் பரிந்துரைக்கு மேலே போய் ஆட்களையோ சரக்கையோ 24 மணித்தியாலத்துக்கு மேல் தடுத்து வைக்கும் நாடு, அதற்கான காரணத்தை 48 மணித்தியாலத்துக்குள் சொல்ல வேண்டும். இலங்கை உட்பட 196 தரப்புகள் இதில் கட்டுண்டவை.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மீறினால் தண்டனை கிடையாது என்பதுதான் ஓட்டை.

2021 நவம்பர் 24ஆம் திகதி, புதிய வகைக் கொரோனா வைரஸைக் கண்டுபிடித்த தென்னாபிரிக்கா உடனே அறிவித்தது. பிறகு ஒமிக்ரோன் எனப் பெயரிடப்பட்டது அதுதான். ஓரிரு நாட்களில் பிரித்தானியா தொடங்கி நாட்டுக்கு நாடு தென்னாபிரிக்கப் பயணிகளுக்குக் கதவைச் சாத்தின. நெதர்லாந்தில் 19ஆம் திகதியே எடுக்கப்பட்ட மாதிரியில் அந்த வைரஸ் இருந்தது பிறகு தெரியவந்தது. அதாவது தடை போட முன்பே நோய் ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டது. டிசம்பர் நடுப்பகுதியில் பிரித்தானியா தனது தடையை நீக்கிக்கொண்டது. மற்றவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையும் அப்போது தென்பகுதி ஆபிரிக்காவின் ஆறு நாடுகளின் பயணிகளைத் தடுத்தது.

சர்வதேச வழிகாட்டலைப் புறக்கணித்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை எமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொரோனாவால் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. ஆனாலும் 2021 பெப்ரவரி இறுதி வரை இந்த நாட்டில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன.

சரியாக நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களிடையே, டபிள்யூ135 என்ற வகை மூளைக் காய்ச்சல் பிரித்தானியா, பிரான்ஸ், சிங்கப்பூர் எனப் பல நாடுகளில் தென்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நாட்டிலும் சில நோயாளர்கள்தான். தகவல்களை ஒன்று சேர்த்த போதுதான் ஹஜ்ஜுடனான தொடர்பு புலப்பட்டது. முன்னர் போடப்பட்டு வந்த ஊசி இந்த வகைக்குப் போதாது என்பதால், நான்கு வகைகளுக்கும் எதிரான தடுப்பூசியை சவூதி அரேபியா கட்டாயமாக்கியது. ஹஜ் நிற்கவில்லை. விமானங்களும் ஹஜ் முகவர் நிலையங்களின் தொழிலும் நிற்கவில்லை. இன்று ஒவ்வொரு ஹாஜியும் போட்டுக்கொள்ளும் அந்த ஊசிக்குப் பின்னால் இருப்பது, பல நாட்டு வைத்தியர்கள் ஒளிக்காமல் சொன்ன தகவல்.

ஒழுங்குவிதிகளுக்கு 2024இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 2025 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதே வருடம் மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றும் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்கூட்டியே சொன்னதால் வியாபாரம் இழக்கும் நாட்டுக்கு நஷ்டஈடு தரும் ஏற்பாடு எதிலும் இல்லை. இது இல்லாதவரை மறைக்கும் ஆசை போகாது என்பது எனது அபிப்பிராயம்.

அரசாங்கங்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். எங்கோ ஒரு நகரில் நோய் என்று கேள்விப்பட்டதும் ஓடரை இரத்துச் செய்யும் பழக்கம் எம்மிடமும் உண்டு. முதலில், சரக்கைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆட்களைப் பற்றித்தான் பேச்சு இருக்கும், துணியையோ பருப்பையோ பற்றி அல்ல. அடுத்து, காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தாமதத்தினால் ஏற்படும் நஷ்டத்தை வழமையான கடல் சரக்குக் காப்புறுதி ஈடுசெய்வதில்லை. கப்பல் வெளித் துறைமுகமொன்றில் பத்து நாள் நின்றால், சரக்கு பழுதடைவதும் நாணயக் கடிதத்தின் திகதி முடிவதும் உங்கள் கணக்கில்தான். அந்தத் திகதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வாங்கிக்கொள்ள முடியுமா என்று வங்கியில் கேட்க வேண்டியது ஓடர் கொடுக்கும் அன்றுதான்.