மாலை வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பத்தாம் வகுப்புக் கணிதத் தாளின் கடைசிப் பகுதிக்கு 16 மதிப்பெண். செய்முறை வடிவியலில் ஒரு கேள்வி, வரைபடத்தில் ஒரு கேள்வி, தலா எட்டு. காம்பஸும் ஸ்கேலும் பிடிக்கத் தெரிந்த பிள்ளையை இரண்டு மாதம் பழக்கினால் இதில் 12 வாங்க வைத்துவிடலாம். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்தால் ஒரு பத்து. ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு, அணிகளில் இன்னொன்று. மீதிக்கு இரண்டு மதிப்பெண் கணக்குகள் இரண்டு. முப்பத்தைந்தைத் தாண்டியாயிற்று; பிள்ளை பாஸ்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடக்கும் மாலைச் சிறப்பு வகுப்புகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. விடைத்தாள் திருத்தி முடித்ததும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாராகும். அவர்களுக்கென்று தனிக் கையேடு வரும். நாலரை மணிக்கு மற்றவர்கள் வீட்டுக்குப் போக, இவர்கள் மட்டும் ஆறு, ஆறரை வரை உட்காருவார்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்கு எப்படிப் பசிக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பல ஊர்களில் அவர்களே காசு போட்டுச் சுண்டல் அவித்துத் தருகிறார்கள். சில இடங்களில் பெற்றோர் ஆசிரியர் கழகமோ முன்னாள் மாணவர்களோ அந்தச் செலவை ஏற்கிறார்கள். கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிட்ட பெண் பிள்ளைகளைத் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும் டீச்சர்கள் இருக்கிறார்கள். இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான பிரிவுகள் கிடையாது, பாலிடெக்னிக் கிடையாது. அந்த 35-க்கு ஒரு வாழ்க்கையின் கனம் உண்டு.

ஆனால், இவ்வளவு உழைப்பும் பத்தாம் வகுப்பின் கடைசி மூன்று மாதங்களில் வந்து குவிகிறதே, அதுதான் கவலை. அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பில் பின்தங்கியதல்ல. மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ பின்தங்கியது. அப்போது யாரும் பட்டியல் போடவில்லை.

அந்தப் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்த்தால் எங்கே நின்றுபோனது என்பது தெரிந்துவிடும். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதியிருக்கும். ஏனோதானோவென்று எழுதிய விடையாக அதை நினைக்க முடியாது. இரண்டிலிருந்து ஏழு போகாது. எனவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, நாலிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்ப்பதை மட்டும் அதற்கு யாரும் கையில் கொடுத்துக் காட்டவில்லை. ஒரு வார வேலை. அந்த ஒரு வாரம் கிடைக்காமலே ஏழு வருடம் போய்விட்டது.

தமிழ் வாசிப்பிலும் இதே கதை. ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று வாசிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எந்த வட்டாரத்திலும் பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்கு ‘க’ தெரியும், கொம்பும் தெரியும், துணைக்காலும் தெரியும். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் சேர்த்து ஒரே ஒலியாக்கத் தெரியாது. கொம்பைக் கண்டதும் ‘கெ’ என்று சொல்லிவிட்டுக் காலைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு அறிவியலில் எதை விளக்கினாலும் அது கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும் கோடுகளாகத்தான் நோட்டில் விழும். எத்தனை மணிக்கு வகுப்பை முடித்தாலும் இதில் மாற்றம் வராது. மாலையில் ஒன்றரை மணி நேரம் கூட்டி, காலையில் நடத்தின அதே பாடத்தை மறுபடி நடத்தினால், புரியாத பாடம் இரண்டு தடவை புரியாமல் போகும், அவ்வளவுதான்.

கூடுதல் நேரத்தைப் பாடத்திட்டத்திடமிருந்து காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பீகாரில் ஒரு சான்று இருக்கிறது. 2008 ஜூனில் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு மாதக் கோடை முகாம் நடத்தினார்கள். 1990-களில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் வேலையைத் தொடங்கிய ‘பிரதம்’ நிறுவனம் முறையைக் கற்றுக்கொடுத்தது. அதன் தொண்டர்கள் கூட நின்றார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்தில் நிற்கிறதா, சொல்லில் நிற்கிறதா, பத்தி வாசிக்கிறதா என்று பார்த்துக் குழு பிரிப்பதுதான் அந்த முறை. முகாமுக்கு வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். பள்ளி திறந்த பிறகும் ஆசிரியர்களுக்கு அதே பயிற்சி, அதே அட்டைகள், அதே புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. பலன் இல்லை. ஜூனில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கிய அரசு ஆசிரியர்கள், வழக்கமான பள்ளி நாள்களில் பாடப் புத்தகத்தை முடிக்கும் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். தொண்டர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்த ஊர்களில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியரிடம் குறை இல்லை. அந்த நேரத்தில் எதைச் செய்யும்படி அவர் பணிக்கப்பட்டிருந்தார் என்பதில்தான் குறை.

இதற்கும் சில வருடங்களுக்கு முன்னால், 2001 முதல் 2003 வரை, வதோதராவிலும் மும்பையிலும் ‘பால்சகி’ திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். இருவரும் 2019-இல் மைக்கேல் கிரேமருடன் பொருளாதார நோபல் பெற்றவர்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியாக அழைத்து, அந்தப் பகுதியிலேயே பள்ளிப்படிப்பு முடித்த ஓர் இளம்பெண் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பின் கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகளே அதிகம் பலன் பெற்றார்கள். பி.எட். முடித்தவர் வேண்டும், ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்று காத்திருக்காமலே அது நடந்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமே கிடையாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் கொண்டுவந்த செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளை முடித்து ஏணிப்படியில் ஏறியது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. இன்றைய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே நடத்தச் சொல்கிறது. ஆனால் நான் பெரிதாக மதிப்பது ‘இல்லம் தேடிக் கல்வி’யை.

கொரோனாவில் நம் தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அதற்குச் சில நாள்கள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை என்று கிடைத்த இடத்தில் வகுப்பு. சுமார் இரண்டு லட்சம் பேர் தன்னார்வலர்களாக வந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டுத் திருமணமாகி வீட்டோடு இருந்த பட்டதாரிப் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இத்தனை பேர் என்பதை அப்போதுதான் அரசாங்கமே பார்த்தது. பிள்ளைகளுக்கு அவர்கள் எதிர்வீட்டு அக்கா, பக்கத்துத் தெருச் சித்தி. ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இரவே வீட்டு வாசலில் வந்து கேட்பார்கள். எந்தப் பள்ளியாலும் அதைச் செய்ய முடியாது.

அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து இதை அளந்தார்கள். பள்ளி மூடலால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறே மாதங்களுக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. உலகின் பல நாடுகள் கொரோனா இழப்பை எண்ணிக்கொண்டிருந்தபோது நம் திண்ணைகளில் அது ஈடாகிக்கொண்டிருந்தது. பிறகு மையங்கள் குறைக்கப்பட்டன. அவசர காலத் திட்டம், அவசரம் தீர்ந்தது என்பது வாதம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. கொரோனாவுக்கு முன்பே, 2018-இன் ‘ஏசர்’ கல்வி நிலை ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 10.2 சதவீதம்தான். 2022-இல் அது 4.8 சதவீதமாக இறங்கியிருந்தது. அந்த 2022-இன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2025-26-இல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். 2030-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதுவார்கள். அவர்களுக்கு இப்போதே மாலை வகுப்பு வேண்டும்.

அரசு 2025-26-இல் ஆறு முதல் ஒன்பது வரை ‘திறன்’ என்ற பெயரில் அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணிதத்தைக் கையில் எடுத்திருப்பது சரியான திசை. அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் சிக்கல், பிள்ளையின் மானம். எட்டாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்து ‘அ – அணில்’ அட்டையைக் கையில் கொடுத்தால் மறுநாள் அவன் வரமாட்டான். அவனுக்கு வேண்டியது எளிய எழுத்து. எளிய விஷயம் அல்ல. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைப் புத்தகங்கள் இங்கே பெரிய உதவி. சிறிய வாக்கியம், ஆனால் பதிமூன்று வயதுக்காரன் சிரித்து வாசிக்கிற கதை. மோட்டார் வைண்டிங் கடைப் பலகை, கபடி அறிவிப்பு, ரேஷன் கடை எழுத்து, எதுவும் பாடமாகலாம். குழுவை மாதத்துக்கு ஒருமுறை கலைத்துப் போட வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போன பிள்ளை அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சோதிக்கும் விதம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். தாளில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வைத்தால் பக்கத்தில் பார்த்து எழுதிய பிள்ளையும், குருட்டாம்போக்கில் டிக் அடித்த பிள்ளையும் தேறிவிடும். ‘கெடி’ நமக்குக் கேட்காது.

நேரமும் முக்கியம். பின்தங்கிய பள்ளிகள் பெரும்பாலும் பஸ் குறைந்த ஊர்களில், கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டுப் பெண் பிள்ளையின் வேலை. அதனால் கூடுதல் வகுப்பை முடிந்தவரை பள்ளி நேரத்துக்குள்ளேயே, நாளின் முதல் ஒன்றரை மணி நேரமாக வைப்பது நல்லது. அப்போது பிள்ளையும் தெளிவாக இருக்கும். மாலையில் வைத்தாக வேண்டும் என்றால் சுண்டலுக்கு ஆசிரியரின் சட்டைப்பையை நம்பாமல் அரசே ஒதுக்கீடு தர வேண்டும். குடியிருப்புக்கு நடந்துபோகும் தூரத்தில், அந்தத் தெரு அக்காவின் பொறுப்பில் வைத்தால் பஸ் பிரச்சினையே இல்லை. அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் இன்று போதாது.

கூட நின்று பார்க்க ஆளும் வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடிய வட்டார வளமையப் பயிற்றுநர்களின் ஊதியம் உள்ளிட்ட செலவுகள் ஒன்றிய அரசின் ‘சமக்ர சிக்ஷா’ திட்ட நிதியைச் சார்ந்தவை. தேசியக் கல்விக் கொள்கை சார்ந்த ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இன் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. எந்தக் கொள்கைச் சண்டையிலும் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கடைசி வரிசைப் பிள்ளையின் கூடுதல் மணி நேரம்தான் என்பது பொறுக்க முடியாத அநியாயம்.

தேர்வு முடிவு வந்ததும் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை முதன்மைக் கல்வி அலுவலர் மீளாய்வுக் கூட்டத்துக்கு அழைக்கிறார். கையில் ஒரு படிவம் இருக்கும்: எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, பாடவாரியாக எத்தனை சதவீதம். நூற்றுக்கு நூறு காட்ட முடியாத தலைமையாசிரியர் அங்கே எழுந்து நின்று விளக்கம் சொல்கிறார். மறுநாள் பள்ளிக்கு வந்ததும், இருக்கிற நல்ல ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கு மாற்றிப் போடுகிறார். ஆறாம் வகுப்பு, கிடைத்தவர் கைக்குப் போகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்கப்படும் கேள்விக்குத்தான் எல்லோரும் பதில் தயார் செய்வார்கள். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வேண்டும்: ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு பத்தியை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? ஜனவரியில் அவர்களில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?