பத்து மணிக்குள் பள்ளிக்கரணை

டெலிவரி வண்டிக்குத் தூரம் குறைந்த வழியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் ‘எப்ப வேணும்னாலும் கொண்டு வாங்க’ என்று சொல்கிற வரைக்கும் அது சரிதான். ‘பத்து மணிக்குள்ள வந்துடுங்க, அப்புறம் ஆபீஸ் கிளம்பிடுவேன்’ என்று ஒருவர் சொன்னதும் கணக்கு வேறாகிவிடுகிறது.

வேளச்சேரியில் குடோன் வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு வண்டி கிளம்புகிறது. மூன்று வீடுகள். நங்கநல்லூரில் 9 முதல் 12 வரை எப்போதும் ஆள் உண்டு. மடிப்பாக்கத்தில் 10 முதல் 11 வரை. பள்ளிக்கரணையில் 9 முதல் 10 வரை. குடோனிலிருந்து நங்கநல்லூருக்கும் பள்ளிக்கரணைக்கும் தலா 20 நிமிடம், இரண்டுக்கும் நடுவிலுள்ள மடிப்பாக்கத்திலிருந்து இரு பக்கமும் தலா 15 நிமிடம், ஒவ்வொரு வீட்டிலும் இறக்கிவைக்க 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூரில் தொடங்கினால் அங்கே வேலை முடிய 9.30. மடிப்பாக்கத்துக்கு 9.45-க்குப் போய், கதவு திறக்க 10 மணிவரை தெருவில் காத்திருந்து, 10.10-க்குக் கிளம்பிப் பள்ளிக்கரணை சேரும்போது 10.25. வீடு பூட்டியிருக்கும். அதே சுற்றைத் திருப்பி ஓட்டுங்கள்: பள்ளிக்கரணை 9.20, மடிப்பாக்கம் 10, நங்கநல்லூர் 10.25. மூவருக்கும் சரக்கு போய்விட்டது. கிலோமீட்டர் கூடவில்லை, டீசலும் கூடவில்லை. தூரத்தை மட்டும் பார்க்கும் கணக்குக்கு இந்த இரண்டு சுற்றும் ஒன்றுதான்.

இந்தத் துறையின் ஆரம்பக் கணக்குகளும் தூரத்தையே பார்த்தன. 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர், பெட்ரோல் கிடங்கிலிருந்து பங்குகளுக்கு லாரி அனுப்பும் சிக்கலைக் கணிதமாக எழுதினார்கள். 1964-இல் கிளார்க்கும் ரைட்டும், இரண்டு இடங்களுக்குத் தனித்தனியாகப் போய் வருவதை ஒரே நடையாகச் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வழி போடும் முறையைக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் சொல்லும் நேரத்தை மையமாக வைத்து 1987-இல் மாரியஸ் சாலமன் எழுதிய ஆய்வு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தலா 100 வாடிக்கையாளர் கொண்ட அவருடைய 56 சோதனைக் கணக்குகளில்தான் புதிய முறைகளை இப்போதும் உரசிப் பார்க்கிறார்கள்.

அவர் காட்டிய வழிகளில் ஒன்று, புது ஆர்டரை ஏற்கெனவே உள்ள சுற்றுக்குள் செருகிப் பார்ப்பது. கீழ்க்கட்டளையிலிருந்து 9.30–10.30-க்கு ஓர் ஆர்டர் வருகிறது. பள்ளிக்கரணையிலிருந்து 15 நிமிடம், இறக்க 10, அங்கிருந்து மடிப்பாக்கம் 10. நேராகப் போவதைவிட 20 நிமிடம் அதிகம். ஆனால் மடிப்பாக்கத்தில் எப்படியும் 15 நிமிடம் சும்மா நிற்கவேண்டிய வண்டி அது. ஆகவே 10-க்குத் தொடங்கவேண்டிய வேலை 10.05-க்குத் தொடங்கும், அவ்வளவுதான். காத்திருக்கும் நேரம் தாமதத்தை விழுங்கிவிடுகிறது.

அந்த ஐந்து நிமிடம் பின்னால் இருப்பவர்களைப் பாதிக்குமா? இதற்குக் கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு உண்டு. நங்கநல்லூரில் 12-க்குள் தொடங்கவேண்டும். அதற்கு மடிப்பாக்கத்தில் 11.35-க்குள் தொடங்கினால் போதும். அங்கேயே கெடு 11 என்பதால் 11 என்று குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இப்படி ‘இதற்குமேல் தாங்காது’ என்ற நேரத்தை எழுதிவைத்துவிட்டால், செருகும்போது அடுத்த நிறுத்தத்தை மட்டும் பார்த்தால் போதும். 10.05 என்பது 11-க்குள். மேலே பார்க்கவேண்டியதில்லை.

மூன்று வீட்டுக்கு இது விரல் கணக்கு. பத்து வீடு என்றால் வரிசைகள் 36,28,800. வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டிப்போட்டுவிட்டால், எல்லோருடைய நேரமும் தப்பாத ஒரு சுற்றாவது உண்டா என்று கண்டுபிடிப்பதே கணினிக்குக் கடினமான வகைக் கேள்வி. அதனால் மென்பொருள்கள் பெரும்பாலும் ‘ஆகச் சிறந்ததை’ விட்டுவிட்டு நல்லதாக ஒன்றைத் தேடுகின்றன.

என்னைக் கேட்டால், பாதி வழியைப் போடுபவர் போனில் ஆர்டர் எடுப்பவர்தான். ‘உங்களுக்கு எந்த நேரம் சௌகரியம்?’ என்று வெறுமனே கேட்டால் ஒரே தெருவுக்கு வண்டி மூன்று முறை போகும். ‘உங்க பக்கம் பத்தரைக்கு வண்டி வருது, அப்ப தரட்டுமா?’ என்று கேட்டால் பலரும் சரி என்பார்கள். ஒரு மணி நேர ஸ்லாட்டை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் கடை, அதற்கான விலையைக் கூடுதல் வண்டியாகக் கட்டுகிறது. இன்னொன்று: கடைசி வீட்டுப் பெட்டியைத்தான் வண்டியில் முதலில் ஏற்றவேண்டும். லோடு ஏற்றிய பிறகு வரிசையை மாற்றுவது டிரைவரை நடுரோட்டில் பெட்டி புரட்ட வைப்பதுதான்.

போட்ட திட்டம் தெருவில் கலையவும் செய்யும். பள்ளிக்கரணை அடுக்ககத்தில் லிஃப்ட் ஓடவில்லை, ஆறாவது மாடிக்குப் பெட்டிகளைச் சுமக்கவேண்டியதாகி 50 நிமிடம் தாமதம் என்று வைப்போம். உடனே எல்லோருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்கவேண்டாம். கீழ்க்கட்டளை 10.35, கெடுவைத் தாண்டி ஐந்து நிமிடம். மடிப்பாக்கம் 10.55, நங்கநல்லூர் 11.20, இரண்டும் சொன்ன நேரத்துக்குள்தான். கீழ்க்கட்டளைக்கு மட்டும் ஒரு போன்.